குறை குணமாகுமா?

சென்ற ஆண்டு நவராத்திரியின்போது, தலைநகரில் நம்மவர் நடத்தும் அமைப்பு ஒன்று கொலுப் போட்டி வைத்தது. அமைப்பின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. வீடு வீடாகச் சென்று கொலுவைக் கண்டு மதிப்பெண் வழங்க மூவரை நடுவராக அமர்த்தினர். அம்மூவருள் நானும் ஒருவன். ஆறாவதாக நாங்கள் சென்ற வீட்டில் ஒன்பது படிகள் கட்டியிருந்தார்கள். மரப்பாச்சி இணை, கலசம், தசாவதாரம், மீனாட்சி திருமணம் என்று முறையாக அடுக்கி, படிகளுக்குக் கீழே தரையில் மணல் பரப்பி ஒரு பூங்காவும் அமைத்திருந்தார்கள். கேழ்வரகு முளைவிட்ட புல்வெளி, ஊஞ்சல், கண்ணாடித் துண்டால் ஆன குளம், குளத்தில் இரண்டு வாத்துகள். அப்பூங்காவின் நடுவே, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவ்வீட்டுச் சிறுமி தன் பொம்மை ஒன்றை வைத்திருந்தாள். சக்கர நாற்காலியில் அமர்ந்த பொம்மை. அதன் மடியில் ஒரு சிறிய பந்து.

எங்களுள் மூத்தவரான அம்மையார் அதைக் கண்டு கடுஞ்சொல் ஏதும் சொல்லவில்லை. கனிவாகவே சொன்னார்: “கண்ணு, பின்னமானதைக் கொலுவிலே வைக்கிறது இல்லை. எடுத்து உள்ளே வெச்சுடும்மா.” சிறுமி தாயின் முகத்தைப் பார்த்தாள், தாய் தரையைப் பார்த்தார், பொம்மை உள்ளே போயிற்று.

மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு, எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இடக்காலில் காலிப்பர் பூட்டி நடப்பவன் நான். அந்தக் காலோடுதான் அக்கொலுவின் முன் நின்றிருந்தேன். வாய் திறந்தேனில்லை. சுண்டலைப் பெற்றுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டேன். அன்று பேசாமல் விட்டதை இம்மலரின் பக்கங்களில் பேச முற்படுகிறேன். காலம் கடந்த பேச்சுத்தான், பொறுத்தருள்க.

அம்மையாரோடு வழக்காடுவது ஒப்பு நோக்க எளிது. அவருக்கு மறுமொழி பின்னர் வரும். அதே வாரத்தில் என் வீட்டிலேயே, இதற்கு நேர்மாறாகத் தோன்றும் மற்றொரு காட்சியைக் கண்டேன். படித்தவர்களும் பரந்த மனம் உடையவர்களும் செய்வது அது. ஆதலால் அதனோடு வாதிடுவதே கடினம்.

என் மகள் வயிற்றுப் பேத்தி வேலைக்குச் செல்பவள். சம்பளத்தில் பெரும்பகுதியைப் பொம்மைகளுக்குச் செலவிடுகிறாள். நாம் அறிந்த மண் பொம்மைகளோ கடையில் கிடைக்கும் நெகிழிப் பொம்மைகளோ அல்ல அவை. கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் என ஒவ்வொரு மூட்டிலும் உருண்டை வைத்து, உள்ளே மீள்கயிறு கோத்து, மனிதர் போலவே அமரவும் சாயவும் வல்லவையாக வார்க்கப்பட்ட பிசின் பொம்மைகள். ஜப்பானிய வோக்ஸ் நிறுவனம் 1999-இல் ‘சூப்பர் டால்ஃபி’ என்ற பெயரில் இவ்வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் கொரிய நிறுவனங்களும் இத்தொழிலில் இறங்கின. பெரிய பொம்மை ஏறத்தாழ இரண்டடி உயரம் இருக்கும். முகம் வெறுமையாகவே வரும். கண்ணாடி விழிகளையும் பொய்முடியையும் வாங்குபவரே தேர்ந்து பொருத்திக்கொள்ளலாம். வண்ணப் பொடியும் அக்ரிலிக் சாயமும் கொண்டு புருவம், இதழ், கன்னச் சிவப்பு தீட்டி, மேலே பளபளப்பற்ற பூச்சொன்றைத் தெளித்து நிலைப்படுத்துவர். உண்மையாகவே நுண்கலை அது. அவளுடைய கைத்திறனைக் கண்டு வியந்தேன். வியந்ததை மறைக்கவும் இல்லை.

இப்பொம்மைகளைச் சேர்ப்போர், உருவத்தோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு பொம்மைக்கும் பெயர், பிறந்தநாள், கடந்தகாலம், குணம் ஆகியவற்றை எழுதி வைக்கின்றனர். என் பேத்தியின் அலமாரியில் நான்கு பொம்மைகளின் அடியில் நான்கு அட்டைகள் இருந்தன. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். முதலாமவள் சிறு வயதில் தீயில் சிக்கிக் கன்னம் வெந்தவள். ஆகவே எவரோடும் ஒட்டாதவள், புதிரானவள். இரண்டாமவள் காசநோய் கண்டவள். ஆகவே மென்மையானவள், மலர் போல் வாடிக்கொண்டிருப்பவள். மூன்றாமவன் பேச்சற்றவன், ஆகவே மாசற்றவன். நான்காமவன் ஒரு கண்ணை இழந்தவன்; ஆகவே வஞ்சம் கொண்டவன். முதற்பொம்மையின் கன்னத்தில் வெந்த வடுவை அரம் கொண்டு அராவி, மேலே செந்நிறப் பொடி பூசி, உண்மை வடுவே என்று மயங்கும்படி செய்திருந்தாள்.

“எப்படி இருக்கு தாத்தா?” என்றாள்.

“வடு நன்றாக வந்திருக்கிறது. ‘ஆகவே’ தான் நன்றாக இல்லை” என்றேன்.

என் வழக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியது. பொம்மைக்கு வடு இருக்கலாம், கால் இல்லாதிருக்கலாம், கண் தெரியாதிருக்கலாம். அதில் எனக்கு யாதொரு மறுப்பும் இல்லை. குறையைச் சொல்லிவிட்டு, ‘ஆகவே’ என்று ஒரு பாலம் கட்டி, அப்பாலத்தின் மறுகரையில் குணத்தை நிறுத்துகிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன். வெந்த கன்னத்திலிருந்து புதிர்த்தன்மை எங்ஙனம் பிறந்தது? ஒரு கண் போனால் வஞ்சம் எந்த வழியாக உள்ளே நுழைகிறது? இப்பொம்மைகளுக்குக் குணமே எழுதப்படவில்லை என்பேன். குணம் எழுத வேண்டிய இடத்தில் குறையை எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டார்கள். கதை எழுதுவோரின் சோம்பல் இது. இரக்கத்தின் உடையை அணிந்து வருவதால் சோம்பல் என்று நாம் இனங்காண்பதில்லை.

காசநோய்ப் பொம்மையையே எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர் அந்நோயை அழகின் நோயாகப் பாடினர். வெளுத்த முகமும் மெலிந்த கையும் கவிஞருக்கும் ஓவியருக்கும் உவப்பாயின. 1882-இல் ராபர்ட் காக் அது ஒரு நுண்ணுயிரியின் வேலை என்று காட்டிய பிறகும் அம்மயக்கம் உடனே தெளியவில்லை. இன்று உலகக் காசநோயாளரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் நம் நாட்டவர். அவர்களுள் எவரும் மலர் போல் வாடிச் சாய்விருக்கையில் கிடப்பதில்லை. மாத்திரை வாங்க வரிசையில் நிற்கிறார்கள். இதில் நம் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. நம் மலர்கள் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. 1956-இல் அங்குத் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையம், நோயாளியைத் தனியிடத்தில் அடைத்து வைக்க வேண்டுவதில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டாலும் அதே அளவு குணம் பெறலாம் என்று மூன்றே ஆண்டுகளில் மெய்ப்பித்தது. உலகம் முழுவதும் அந்நோய்க்கான மருத்துவ முறை மாற அது வழிவகுத்தது. என் பேத்தியின் பொம்மை அந்நிலையத்துக்குப் போயிருந்தால் இந்நேரம் நலம் பெற்று, சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருக்கும். அட்டையில் அதை எழுதினால் பொம்மையின் அழகு குறைந்துவிடுமோ?

இதனை மேனாட்டார் வழக்கம் என்று ஒதுக்கிவிட்டு நாம் மார்தட்டிக்கொள்ள இயலாது. இந்த ‘ஆகவே’ நம் வீட்டிலும் நெடுங்காலமாகக் குடியிருக்கிறது. இராமகாதையில் கேகயன் மகளின் மனத்தைத் திரித்தவள் யார் என்று எந்தச் சிறுவனைக் கேட்டாலும் மந்தரை என்று சொல்லமாட்டான்; கூனி என்பான். முதுகின் வளைவே அவள் பெயராகி, பெயரே அவள் நெஞ்சின் வளைவாகவும் ஆகிவிட்டது. இளமையில் இராமன் விளையாட்டாக உண்டைவில்லால் அக்கூனின்மேல் மண்ணுருண்டை எய்தான் என்பதைக் கம்பர் மறைக்கவில்லை. அவள் சினத்துக்கு ஒரு காரணம் இருந்தது என்பதை அவர் அறிந்தே வைத்தார். நாமோ காரணத்தை மறந்துவிட்டுக் கூனை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். திரைப்படங்களைச் சொல்லவே வேண்டா. கொடியவனுக்குக் கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. நகைச்சுவைக்கு ஒரு திக்குவாயன். கண்ணீருக்கு ஒரு பார்வையற்ற தங்கை. அரை நூற்றாண்டாக இந்த மூன்று அச்சுகளில் எத்தனை உருவங்களை வார்த்துவிட்டோம்! 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே ஒரு திரைப்பட வழக்கில், மாற்றுத்திறனாளிகளை இகழ்ச்சிக்கு உரியோராகவும் வார்ப்பு உருவங்களாகவும் காட்டுவதற்கு எதிராக நெறிமுறைகள் வகுக்க நேர்ந்தது.

பழந்தமிழர் வடுவை வேறொரு கண்ணாலும் கண்டனர் என்பதையும் மறத்தலாகாது. மார்பில் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றினர். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேர மன்னனை நாம் அறிவோம். அங்கே வடு என்பது ஒருவன் எங்கே நின்றான், எதைச் செய்தான் என்பதற்குச் சான்று. செயல் முதலில், வடு பின்னர். ஆயினும் அதே புறநானூற்றில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பார்வையின்மை, கூன், குறள், ஊமை, செவிடு முதலியவற்றை எண்வகை எச்சம் என்று அடுக்கிப் பயனற்ற பிறப்பாகக் கணக்கிடுகிறார். போரில் காலிழந்தவன் மறவன். பிறப்பிலேயே கால் வழங்காதவன் எச்சம். இந்தப் பிரிவினையைச் சங்க காலத்துக்குரியது என்பதற்காகவே நாம் வணங்க வேண்டுமா என்று புலவர் பெருமக்களைப் பணிவோடு வினவுகிறேன்.

இனி என் காலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தற்பெருமைக்காக அன்று, அட்டை எழுதுவோர் எதை எழுதாமல் விடுகிறார்கள் என்பதைக் காட்டுவதற்காக. எனக்கு நோய் கண்டபோது வாய்வழிச் சொட்டு மருந்து உலகிலேயே இல்லை. நம் நாட்டில் அது எல்லாக் குழந்தைகளுக்குமான திட்டமாகியது எழுபதுகளின் இறுதியில்தான். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டதே நம் நாட்டின் கடைசி நோயாளி. 2014 மார்ச்சில் இந்நோய் நீங்கிய நாடு என்ற சான்று கிடைத்தது. ஆக, என் போன்றோர் அருகி வரும் இனம்.

காலிப்பர் என்பது இரண்டு இரும்புக் கம்பிகள், தொடையிலும் முழங்காலிலும் தோல் வார்கள், அடியில் கனத்த காலணி. உட்காரும்போது முழங்கால் பூட்டைக் கையால் விடுவிக்க வேண்டும். எழும்போது மீண்டும் பூட்ட வேண்டும். மறந்து எழுந்தால் விழ வேண்டியதுதான். மழைக்காலத்தில் தோல் வார் நாறும். வெயிற்காலத்தில் கம்பி சுடும். தில்லிக் குளிரில் விடியற்காலையில் அக்கம்பியைத் தொடுவதற்கு ஒரு மன உறுதி வேண்டும். 1970-இல் இவ்வூருக்கு வந்த புதிதில், பேருந்து முழுதும் நிற்பதற்குள் ஏறத் தெரியாதவன் அலுவலகம் போய்ச் சேர முடியாது என்பதைக் கற்றேன். ஏறவும் கற்றேன். இவை அனைத்தும் என் கால் எனக்குத் தந்தவை. என் முன்கோபம் என் தந்தை தந்தது; அவருக்கு இரண்டு கால்களும் நன்றாகவே இருந்தன. கருநாடக இசையில் பித்து, கணக்கில் வெறுப்பு, கடன் கொடுத்தால் திருப்பிக் கேட்கத் தயக்கம் ஆகிய எதுவும் காலிலிருந்து முளைக்கவில்லை. ஆனால் என்னைப் பற்றி அட்டை எழுதச் சொன்னால் பலரும் ‘கால் ஊனமுற்றவர், ஆகவே பொறுமைசாலி’ என்றே எழுதுவார்கள். என் மனைவியைக் கேட்டுப் பார்க்கட்டும், என் பொறுமையைப் பற்றி!

பேத்தி விடவில்லை. “தாத்தா, இது வெறும் கற்பனை. பொம்மைக்கு வலிக்காது. யாருக்கு என்ன நஷ்டம்?” என்றாள்.

பொம்மைக்கு வலிக்காது, உண்மை. கற்பனைக்கு வேலி போடுவதும் என் நோக்கமன்று. ஆனால் பொம்மையை வைத்து விளையாடுகிறவர் எதைப் பழகிக்கொள்கிறார் என்பது கேள்வி. வடு உள்ள முகத்தைக் கண்டவுடன் ‘இதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கும்’ என்று பழகிய மனம், பேருந்தில் அருகே அமர்ந்த பெண்ணிடமும் அக்கதையைக் கேட்கும். எனக்கு இது நேர்ந்ததுண்டு. முன்பின் அறியாதவர்கள் இரயிலில் எதிரே அமர்ந்ததும், ஊர் கேட்பதற்கு முன் “கால் எப்படிப் போச்சு?” என்று கேட்பார்கள். கதை சுவையாக இல்லையென்றால் ஏமாற்றமும் அடைவார்கள். காய்ச்சல் வந்தது, கால் போயிற்று, அவ்வளவுதான் என்றால் அவர்களுக்குப் போதவில்லை. அமெரிக்காவில் ‘லிவிங் டெட் டால்ஸ்’ என்று ஒரு வரிசை உண்டு. ஒவ்வொரு பொம்மையும் சிறு சவப்பெட்டியில் வரும். உடன் இறப்புச் சான்றிதழும் இருக்கும். அவை அச்சமூட்டும் வேடிக்கை என்று தம்மைத் தாமே அறிவித்துக்கொள்கின்றன. அவற்றைக் கண்டு நான் கலங்குவதில்லை. வேடிக்கையைப் பரிவு என்று நம்பிச் செய்கிறார்களே, அங்குத்தான் கலக்கம்.

அவள் சொன்ன மற்றொரு செய்திக்கு நான் பணிந்தேன். பொம்மை சேர்ப்போருள் இதய அறுவை செய்துகொண்ட ஒரு பெண், தன் மார்பில் உள்ள தையற்கோட்டை அப்படியே தன் பொம்மையின் மார்பிலும் வரைந்திருக்கிறாளாம். அதன் குணக்குறிப்பில் அறுவையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையாம். மீன் பிடிப்பதில் விருப்பம் என்று மட்டும் இருக்கிறதாம். அந்தப் பெண்ணின் பெயரும் ஊரும் எனக்குத் தெரியாது. ஆயினும் இக்கட்டுரையில் நான் சொல்ல முயல்வதை என்னைவிட நன்றாக அவள் சொல்லிவிட்டாள். தன் புண்ணைத் தான் வரைந்துகொள்ளும் உரிமை எவருக்கும் உண்டு. பிறர் புண்ணை வரைபவர், மீன் பிடிப்பதையும் சேர்த்து வரைய வேண்டும்.

வாணிக நிறுவனங்கள் இவ்வகையில் என்ன செய்தன என்பதும் பார்க்கத் தக்கது. பார்பிப் பொம்மையை விற்கும் மட்டெல் நிறுவனம் 1997-இல் பெக்கி என்ற தோழியைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி வெளியிட்டது. செய்தித்தாள்கள் பாராட்டின. பிறகு, உடற்குறை உடைய பள்ளி மாணவி ஒருத்தி ஒன்றைக் கவனித்துச் சொன்னாள்: அதே நிறுவனம் விற்கும் பார்பியின் கனவு இல்லத்து மின்தூக்கிக்குள் பெக்கியின் நாற்காலி நுழையவில்லை! தோழியைப் படைத்தவர்களுக்கு அவள் எந்த வழியாக வீட்டுக்குள் வருவாள் என்று எண்ணத் தோன்றவில்லை. சில ஆண்டுகளில் பெக்கியின் விற்பனையே நின்றுபோயிற்று. 2015-இல் இங்கிலாந்தில் ‘டாய் லைக் மீ’ என்ற இயக்கம் தொடங்கி, எங்கள் பிள்ளைகளைப் போன்ற பொம்மைகள் கடையில் ஏன் இல்லை என்று பெற்றோர் கேட்டனர். 2019-இல் மட்டெல் மீண்டும் சக்கர நாற்காலிப் பொம்மையைக் கொண்டுவந்தபோது, கனவு இல்லத்துக்குள் செல்லச் சரிவுப் பலகையும் உடன் வந்தது. அந்தப் பலகை வர இருபத்திரண்டு ஆண்டுகள்.

அதன் பின் வந்தவற்றில் கற்கத் தக்கவை உண்டு. 2023-இல் வந்த டவுன் நோய்க்குறிப் பொம்மையின் உள்ளங்கையில் ஒற்றை ரேகை இருக்கிறது. கணுக்காலில் தாங்கு கருவி இருக்கிறது, இளஞ்சிவப்பு நிறத்தில். 2025 ஜூலையில் வந்த முதல்வகைச் சர்க்கரை நோய்ப் பொம்மையின் கையில் சர்க்கரை அளவைக் காட்டும் கருவி ஒட்டியிருக்கிறது. இடுப்பில் இன்சுலின் பம்பு. நான் வணிகர்க்கு வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் நோக்கம் விற்பனைதான். பொம்மையின் விலையைக் கேட்டால் நமக்கே இன்சுலின் வேண்டியிருக்கும். ஆயினும் இப்பொம்மைகளில் சோகம் எழுதப்படவில்லை. கருவி இருக்கிறது, கருவியோடு அவள் எங்கோ புறப்பட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சிறு வயதில் காலிப்பர் அணிந்த ஒரு பொம்மை கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணுவதுண்டு. பெரிதாக ஒன்றும் ஆகியிராது. அதன் வாரைக் கழற்றி மாட்டி விளையாடியிருப்பேன். பக்கத்து வீட்டுப் பையனும் விளையாடியிருப்பான்; என் காலை வெறித்துப் பார்ப்பதை ஒருவேளை சிறிது முன்னதாக நிறுத்தியிருப்பான்.

பொம்மையில் குறையைக் கண்டு தாழ்வாக எண்ணாத மரபு கீழ்த்திசையிலும் இருக்கிறது. ஜப்பானியரின் தாருமா பொம்மைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. காஞ்சியிலிருந்து சென்றவர் என்று மரபு கூறும் போதிதருமர், ஒன்பது ஆண்டுகள் சுவரை நோக்கித் தவமிருந்ததால் உறுப்புகள் தேய்ந்து போயின என்பது அப்பொம்மையின் பின்னுள்ள கதை. நம் தஞ்சாவூர்ப் பொம்மையைப் போலவே அதையும் சாய்த்தால் எழுந்து நிற்கும். எதையேனும் செய்ய உறுதி பூணும்போது அதற்கு ஒரு கண்ணை வரைவர். எண்ணியது முடிந்ததும் மறு கண்ணை வரைவர். ஒற்றைக் கண்ணும் முடங்கிய உடலுமாக எத்தனையோ வீடுகளிலும் கடைகளிலும் அது அமர்ந்திருக்கிறது. அதை எவரும் உள்ளே எடுத்து வைக்கச் சொல்வதில்லை.

இப்போது அம்மையாருக்கு வருகிறேன். வழிபாட்டுக்குரிய திருவுருவம் உடைந்தால் நீரில் விடுவது நம் வழக்கம்; அதில் நான் தலையிடவில்லை. உடைந்த பொம்மை வேறு, உடல் உடைந்தவரைக் காட்டும் பொம்மை வேறு. நாற்காலியில் அமர்ந்த அப்பொம்மையில் ஒரு கீறலும் இல்லை. கடையிலிருந்து வந்தபடியே முழுமையாக இருந்தது. பின்னம் என்று அம்மையார் கண்டது பொம்மையை அன்று, அது குறிக்கும் மனிதரை. அவருடைய வாக்கிலும் அதே ‘ஆகவே’ ஒளிந்திருந்தது: நாற்காலியில் இருக்கிறாள், ஆகவே மங்கலமற்றவள்.

அக்கொலுவின் முதற்படியில் யார் இருந்தார்? பிள்ளையார். அவர் கொம்பு ஒன்று ஒடிந்திருந்தது. ஏகதந்தன் என்று அதையே பெயராகச் சொல்லி அருச்சிக்கிறோம். பாரதம் எழுதுவதற்காக ஒடித்தார் என்று பேரக் குழந்தைகளுக்குக் கதையும் சொல்கிறோம். இரண்டாம் படியில் கண்ணப்பர் இருந்தார், பறித்த கண்ணைக் கையில் ஏந்தி. பூரியில் சகந்நாதர் முழுக் கையும் காலும் இன்றித் தேரேறுகிறார். கொல்கத்தாவிலிருந்து மாற்றலாகி வந்த நம்மவர் வீட்டுக் கொலுக்களில் அவரும் உண்டு. இவர்களுள் எவரையும் பின்னம் என்று எடுத்துவிடத் துணியாத நாம், மடியில் பந்து வைத்திருந்த பெண்ணை மட்டும் உள்ளே அனுப்பினோம். தெய்வத்துக்குக் குறை இருந்தால் திருவிளையாடல். அண்டை வீட்டுப் பிள்ளைக்கு இருந்தால் அபசகுனமா? அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

சில நாள் கழித்து அச்சிறுமியின் தாயாரிடம் தொலைபேசியில் பேசி மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்ன பிறகே விளங்கிற்று. மகளின் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் தோழி ஒருத்தி இருக்கிறாள். இடைவேளையில் பந்து விளையாடும்போது அவள்தான் பந்தை எறிபவள், குறி தப்பாதாம். பூங்காவில் அமர்ந்திருந்தது அவள்தான். மறுநாள் மாலை கொலுப் பார்க்க அவளை அழைத்திருந்தார்கள். வந்தாள், சுண்டல் தின்றாள், பாட்டும் பாடினாள். தன் உருவம் அலமாரிக்குள் இருந்ததை அவள் அறியாள். அவ்வீட்டுச் சிறுமிக்குத் தெரியும்.

அந்த வீட்டுக் கொலுவுக்கு இரண்டாம் பரிசு. பரிசளிப்பு விழா அமைப்பின் மண்டபத்தில் நடந்தது. மண்டபம் முதல் மாடியில். பதினான்கு படிகள், ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி, அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது. மின்தூக்கி இல்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பரிசு பெற்ற சிறுமி தன் தோழியை அழைத்து வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. உள்ளே மேடையில் ஒரு பெரியவர் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றிருப்பதைக் குறிப்பிட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு நம் சமூகம் ஆற்ற வேண்டிய கடமையைப் பற்றி முப்பது நிமிடம் அழகாகப் பேசினார்.

பேத்தி தன் அட்டைகளைத் திருத்தினாளா என்று கேட்பீர்கள். ஒன்றை மட்டும் கிழித்துவிட்டாள், காசநோய்ப் பெண்ணுடையதை. மற்ற மூன்றையும் பற்றி எங்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது. ஒற்றைக் கண்ணன் வஞ்சகனாகவே இருப்பான், அது கதைக்குத் தேவை என்கிறாள். இருக்கட்டும், வஞ்சகனுக்கு வேறு காரணம் கண்டுபிடி என்கிறேன்.

அமைப்பின் செயலாளருக்கு இரண்டு வேண்டுகோள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொலுப் போட்டியின் விதிகளில் ‘பின்னமான பொம்மைகள் கூடா’ என்ற நான்காம் விதியை நீக்குக என்பது ஒன்று. மண்டபத்துக்குச் சரிவுப் பாதையோ மின்தூக்கியோ அமைக்கும் வரையில், பரிசளிப்பைக் கீழ்த்தளத்து வண்டி நிறுத்துமிடத்தில் பந்தலிட்டு நடத்துக என்பது மற்றொன்று. அடுத்த செயற்குழுவில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். செயற்குழுவும் அதே மாடியில்தான் கூடும். நான் ஏறி வருவேன்.